நடுத்துண்டு

சமையலறை அலமாரி செய்து மிஞ்சிய மரப்பலகையை, ஊசிபோல மெல்லிய ரம்பம் ஓடும் மெஷினில் வளைத்து வளைத்து அறுத்து, அவள் கணவன் தன் அப்பாவுக்குத் துண்டுகளைச் சேர்த்து அடுக்கும் ஒரு ஜிக்சா புதிர் செய்து கூரியரில் அனுப்பியிருந்தான்.

துவைக்க எடுத்த அவன் சட்டைப் பையில் புதிரின் துண்டு ஒன்று கிடைத்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு அவனிடம் ஓடினாள்.

"என்னங்க, இது இங்கேயே தங்கிடுச்சே."

"இருக்கட்டும்."

"உங்கப்பா கல்யாணத்துலேருந்து நம்மகூடப் பேசாத மனுஷன். இப்ப இது வேறயா?"

அவன் விசிலடித்தான். அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வாரக் கடைசியில் போன் அடித்தது. மாமனார்தான்.

"உன் புருஷன் ஒரு வேலையாவது உருப்படியா செய்வானாம்மா? நடுத்துண்டைக் காணோம்."

"இங்கதான் இருக்கு மாமா. கூரியர்ல அனுப்பிடறோம்."

"அதுல போட்டா தொலைஞ்சிடும். ரெண்டு பேரும் நேர்ல கொண்டாங்க."

அவள் திரும்பினாள். கணவன் துண்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான்.