செவலையின் தொட்டி

கூடலூர் தேயிலைத் தோட்டத்தில் செபமாலைக்கு உண்ணி பிடிக்கும் வேலை. விடிந்ததும் வெள்ளைத் துணியைத் தரையில் இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள். துணியில் ஒட்டிய உண்ணியைக் கருவியில் வைத்தால், அது எந்தெந்த உயிரைக் கடித்து வந்தது என்று சொல்லும். மான் என்று வந்துவிட்டால், காட்டு உண்ணியால் காய்ச்சல் பரவும் என்று மழைக்காலம் முடியும்வரை அந்த வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.

அன்று அவள் வீட்டுக் கொல்லையிலேயே ஒன்று ஒட்டியது. "எலி, மான்" என்றது கருவி.

புல்லே முளைக்காத கொல்லைக்கு மான் எதற்கு வந்தது? சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். செத்துப்போன மாட்டின் தொட்டி ஈரமாக இருந்தது.

"என்னங்க, செவலை போயி ஒரு வருசமாச்சு. கழனித்தண்ணி யாருக்கு ஊத்துறீங்க?"

கணவன் அருளப்பன் தலையைச் சொறிந்தான். "கை பழகிப்போச்சு. விடிஞ்சு பாத்தா தொட்டி காலியா இருக்கும். ஏதோ ஒண்ணு குடிக்குதேன்னு இருந்துட்டேன்."

செபமாலை மான் என்றே பதிந்து அனுப்பினாள். மூட்டை கட்டும் முன், இருவருமாகத் தொட்டியை உருட்டிக் கொண்டுபோய்க் காட்டோரத்தில் வைத்தார்கள்.

"நாம போயிட்டா இதுக்கு யாரு ஊத்துவா?" என்றான்.

அவள் அன்றைய கழனித்தண்ணியைத் தொட்டியில் ஊற்றினாள்.