பன்னிரண்டு மேஜை

"இந்த ஹால்ல பன்னெண்டு மேஜை போடலாம் இல்ல?" என்று கணவர் அவள் காதோரம் கிசுகிசுத்தார்.

இன்னும் சற்று நேரத்தில் தீர்ப்பு. இந்த மனுஷருக்கு மேஜை போடத் தோன்றுகிறது.

"சும்மா இருங்க. கோர்ட்டுல பேசக் கூடாது."

"பேசல. கண்ணாலயே அளந்தேன்."

பணம் கட்டச் சொல்லி உத்தரவு வந்துவிட்டால் அவருக்கு வேலை இருக்காது. மாதச் சம்பளம் நின்றுபோகும். பிறகு வீட்டு வாடகை, மகளின் படிப்பு, தன் தூக்கம் என்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போகும்.

அவருடைய வியாபார ஆசையால் பட்டதெல்லாம் போதாதா? ஐஸ்கிரீம் கடை வைத்தார். ஒரே கோடையில் அவள் சங்கிலி உருகிப்போனது. அலங்கார மீன் விற்றார். மீன்கள் செத்து மிதந்தன, அவள் வளையல்கள் மூழ்கின.

எதிர் பெஞ்சில் பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர் போலச் சலவைச் சட்டை. நகக்கண்ணில் மட்டும் யார் வீட்டுச் சுவரோ பச்சையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மடியில் ஒரு துணிப்பை.

அவரை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. பண விஷயமாக அவர் வீடு தேடி வந்தபோதெல்லாம், "அடுத்த மாசம் பாத்துக்கலாம் அண்ணே" என்று காபி கொடுத்து அனுப்பிவைத்தவள் அவள்தான். அவர் வந்து போனதைக் கணவரிடம் மூச்சுவிட்டதில்லை. அப்படியே மூன்று வருடக் கெடு ஓடிவிட்டது.

கடன் கடன்தானே, காலண்டர் மாறினால் பொய்யாகிவிடுமா என்று மனதின் ஒரு மூலை கேட்டது. வாயை மூடு என்றது இன்னொரு மூலை. அவள் இரண்டாவது மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

அவளுடைய நம்பிக்கையெல்லாம் அந்தச் சின்ன வக்கீல் மேல்தான். கருப்பு அங்கியில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. மீசையை விட வியர்வை அதிகமாக அரும்பியிருந்தது.

"ஐயா, மூணு வருஷத்துக்குள்ள வழக்குப் போட்டிருக்கணும். போடல. அதனால இந்தக் கடன்... வந்து... இந்தக் கடன்..."

வார்த்தை அவர் தொண்டையில் மாட்டிக்கொண்டது. 'காலாவதி தம்பி, காலாவதி' என்று அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. மனசு கேட்காமல் எழுந்துபோய்த் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

விஷம் கலந்திருக்குமோ என்பது போல அவர் பாட்டிலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தாகம் ஜெயித்தது.

"காலாவதியான கடன்!" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு.

மூத்த வக்கீல் எழுந்தார். "வாங்கவே இல்லைன்னு அவர் சொல்லலையே, ஐயா! தந்துடறேன்னு நாலு பேர் முன்னாடி வாயால ஒத்துக்கிட்டிருக்காரே!"

அவர் குரல் ஏற ஏற, இவருக்கு இன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டக் கூடாதா என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

"ஜன்னலோரமா மட்டும் ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி சின்ன மேஜை," என்றார் கணவர். "காத்து நல்லா வரும்."

"எனக்கு இங்க மூச்சே வரல. உங்களுக்குக் காத்து கேக்குதா?"

நீதிபதி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "வாயால சொன்னது போதாது. எழுத்துல ஒண்ணும் இல்ல. கெடு முடிஞ்சுபோச்சு. வழக்கு தள்ளுபடி."

"தள்ளுபடியா? எந்தக் கடையில?" என்று பின் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டு விழித்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கோ அழுகை முட்டியது. வேலை பிழைத்தது, வாடகை பிழைத்தது. இன்றிரவு கால் நீட்டித் தூங்கலாம்.

கணவர் கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தாள். "எல்லாம் நல்லதுக்குத்தாங்க. வீட்டுக்குப் போலாம் வாங்க."

வாசற்படியில் கால் வைக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி! நில்லும்மா!"

பெயிண்டர் துணிப்பையோடு ஓடிவந்தார். அவர் பின்னால், அங்கி பறக்கச் சின்ன வக்கீல்.

"மாமா, வேணாம் மாமா! நாம ஜெயிச்சாச்சு மாமா!"

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க மாப்பிள்ளை." மூச்சு வாங்க அவள் பக்கம் திரும்பினார் பெயிண்டர். "தப்பா நினைக்காதம்மா. மாப்பிள்ளைக்கு இதுதான் முதல் கேசு. தோத்துட்டார்னு பேர் வரக் கூடாதேன்னு, தீர்ப்பு வர்ற வரைக்கும் மடியிலயே வெச்சிட்டிருந்தேன்."

பையை அவள் கையில் திணித்தார்.

"உன் வீட்டுக்காரர்கிட்ட நான் வாங்கின கடன். மொத்தமும் இருக்கு. கொண்டுவந்தப்பல்லாம் அடுத்த மாசம், அடுத்த மாசம்னு திருப்பி அனுப்பிட்ட. இன்னிக்காவது வாங்கிக்கம்மா."

பை கனத்தது. அவள் மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். நடுவாசலில் நிற்க வைத்துத் திட்டட்டும். திட்டினால்கூடத் தேவலை என்று நினைத்தாள்.

அவர் திட்டவில்லை. அவர் கண்கள் அவளைத் தாண்டி, திறந்திருந்த கோர்ட் ஹாலுக்குள் போயிருந்தன. ஐஸ்கிரீம் கடை திறந்த அன்று இருந்த அதே வெளிச்சம் முகத்தில்.

"நாளைக்கே வேலையை விட்டுடறேன்," என்றார். "ஓட்டலுக்குப் பன்னெண்டு மேஜை போதுமா?"