தனியாக நின்ற புள்ளி

பச்சைப் புள்ளிகள் எல்லாம் திரையின் அடியில் சமர்த்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் உச்சியில், சிவப்புப் புள்ளிகளின் கூட்டத்துக்கு நடுவில் போய் நின்றிருந்தது.

சிவப்பு என்றால் ஈரலில் கொழுப்பு படிந்த நோயாளிகள். ஆஸ்பத்திரிகளின் பழைய பதிவுகளிலிருந்து, பெயரை மட்டும் உரித்துவிட்டு எடுத்த ஆயிரக்கணக்கான பேர். பச்சை என்றால் அவர்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான ஆரோக்கியசாலிகள்.

ஆரோக்கியசாலி என்ன லேசில் கிடைக்கிற சரக்கா? நோயில்லாதவன் ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். அதனால் ஆராய்ச்சிக் கூடத்து ஆட்களையே பிடித்துப் போட்டார்கள். பெரிய டாக்டர் முதல் வாசல் காவலாளி வரை ஒவ்வொருவராக ஸ்கேன் எடுக்கப் படுத்து, ஒருவரை ஒருவர் கிண்டல் செய்து, எழுந்து போனார்கள்.

படங்கள் பெயரில்லாமல் வெளியூருக்குப் போய், எண்களாகத் திரும்பி வந்தன. எந்த எண் யாருடையது என்பது ஒருத்திக்கு மட்டுமே தெரியும். அதனாலேயே அவளுக்கு இங்கே 'சாவி' என்று பட்டப்பெயர். யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்.

உச்சியில் நின்ற பச்சை யார் என்று காலையிலேயே பார்த்துவிட்டாள். பார்த்ததிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கொழுப்பையெல்லாம் தாண்டி, ஈரல் இறுகிப் போயிருந்தது. அந்த ஆளோ எதுவும் தெரியாமல் இதே கட்டடத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு நடமாடுகிறார். குடிப்பழக்கம் கிடையாது. தொப்பைகூடக் கிடையாது.

சொன்னால் வேலை போய்விடும். போனால் போகட்டும் என்றுதான் காலையில் நினைத்தாள். மதியத்துக்குள் அந்தத் தைரியம் ஆறிப்போயிருந்தது. தன்னை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

பெரிய டாக்டர் அவள் பின்னால் வந்து நின்றார். நாளைக்குக் கட்டுரையை அனுப்ப வேண்டும். திரையைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"யாரும்மா இவரை நல்லா இருக்கறவங்களோட சேர்த்தது? இந்த ஈரலை வச்சுக்கிட்டு அடுத்த வருஷம் இருப்பாரான்னே சந்தேகம். தூக்கிடு, கணக்கு அழகாயிடும்."

அந்தப் புள்ளிக்குரிய ஒருத்தருக்கு மட்டுமாவது சொல்லிவிடலாமா என்று மென்று முழுங்கிக் கேட்டாள்.

அவர் ஈ ஓட்டுவதுபோல் கையை ஆட்டினார். யாருக்கும் சொல்வதில்லை. இது ஆராய்ச்சி, வைத்தியம் இல்லை. ஒருத்தருக்குச் சொன்னால் நாளைக்கே ஊரே வாசலில் வந்து நிற்கும். அந்த விதியை எழுதியவரே அவர்தான். தன் ரிசல்ட் எப்போது வரும் என்று ஆசையாகக் கேட்ட காவலாளியைக்கூட இப்படித்தான் வாயடைத்து அனுப்பினார்.

"ம்" என்று அவசரப்படுத்தினார்.

அவள் விரல் அழிக்கும் பொத்தானின் மேல் இருந்தது. ஒரே ஒரு அழுத்து. கணக்கு அழகாகிவிடும், அவள் பிழைப்பும் ஓடும்.

விரலை எடுத்துவிட்டு எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"நீங்க கொஞ்சம் உட்காருங்க, சார்."

எனக்கு எதற்கம்மா நாற்காலி என்றார். கேட்கும்போதும் சிரிப்பு அவர் முகத்தில்தான் இருந்தது.

அவள் கண் நிறைந்துவிட்டது.

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

பிறகு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.