மருதி அளந்த தலை

சூடம் ஏற்றி அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடக் கற்பனை இல்லை. மானுடவியல் இளங்கலை வகுப்பில் செய்முறைப் பாடம் என்றாலே மருதிக்கு ஆகாது. காலிப்பர் என்கிற வளைந்த இரும்புக் கவையால் ஒருவர் தலையை ஒருவர் அளந்து பழக வேண்டும். ஆனால் ஸ்டூலில் உட்காருவது எப்போதும் மருதிதான். அந்த வகுப்பில் இருளர் வீட்டுப் பெண் அவள் ஒருத்திதான்.

“வாம்மா, உக்காரு. அசல் தலை உன்னுதுதான்” என்றார் பேராசிரியர் ஜெயபாலன்.

“நாங்கெல்லாம் கலப்படம் சார்” என்றான் முன்வரிசை கௌதம். வகுப்பு சிரித்தது.

அன்று மருதி உட்காரவில்லை. “பரீட்சையில நானும்தான சார் அளக்கணும்? இன்னைக்கு நீங்க உக்காருங்க.”

“எதுக்கும்மா கோவம்? உங்க ஜனங்களுக்காகத்தான் நாங்க இந்தப் படிப்பே நடத்துறோம்.”

அவள் அவர் கையிலிருந்த காலிப்பரைப் பிடுங்கி அவருடைய இரண்டு நெற்றிப்பொட்டிலும் வைத்து அழுத்தினாள். கவையின் கைகள் தலைக்குள்ளே புகுந்து, காற்றில் மூடுவதுபோல மூடி, முனையோடு முனை முட்டி, டக்கென்று நின்றன. ரத்தமில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டேயிருந்தார்.

“சைபர் சார்” என்றாள் மருதி.

“கருவி பழசும்மா. கௌதம் தலையில வச்சுப் பாரு.”

வைத்தாள். அங்கேயும் டக். வரிசையாக எல்லார் தலையிலும் டக், டக். ஒவ்வொரு சைபரையும் வராந்தாவரை கேட்கும்படி சொன்னாள்.

இதுவும் சத்தியம்தான்: படிப்பு முடிகிற நாள்வரை மருதி அந்தக் காலிப்பரை ஒருமுறைகூடத் தொட்டதே கிடையாது. அவளை ஸ்டூலைவிட்டு எழ விட்டால்தானே!