அபூர்வ இனம்

"சார், அந்தக் குழாயையும் குடுத்துட்டீங்கன்னா ஆட்டோகிளேவை மூடிடலாம்."

புது டாக்டர் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. ஆய்வகத் தலைவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையில் குழாயைப் பிடித்தபடி, வலது கையை மட்டும் உயர்த்திக் காட்டினார். மேடையில் நிற்பவர் கைதட்டலை அடக்குகிற தோரணை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தணிக்கைக் குழு வருகிறது. எந்தச் சோதனைக்கும் சேராத பழைய கிருமி ஒன்றுகூட ஆய்வகத்தில் இருக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. டாக்டர் அலமாரி அலமாரியாகத் துழாவி, கேட்பாரற்றுக் கிடந்த குழாய்களையெல்லாம் வாளியில் சேர்த்துவிட்டாள். மொத்தத்தையும் ஆட்டோகிளேவில் அடைத்து நீராவியில் வேகவைத்தால் வேலை முடிந்தது. பாக்கி, தலைவரின் குழாய்தான்.

அந்தக் குழாய்க்கு ஒரு புராணமே உண்டு. மாற்றலாகி இந்த ஊருக்கு வந்தபோது கட்டில், பீரோவையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு, இதை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினாராம். வாரம் தவறாமல் தன் கையாலேயே புது ஊட்டச்சாற்றுக்கு மாற்றி வளர்ப்பார். வேறு யாரும் தொடக் கூடாது. என்ன கிருமி என்று கேட்டால், "அபூர்வமான இனம். உலகத்துல வேற எங்கயும் கிடையாது" என்று தொண்டையைச் செருமுவார். ஆராய்ச்சி நடப்பதாகவும், முடிவை உரிய நேரத்தில் உலகம் அறியும் என்றும் சொல்வார். உலகமும் பாவம், வேறு வேலையில்லாமல் காத்துக்கொண்டிருந்தது.

ஆய்வகத்தில் அவருக்கே 'அபூர்வம்' என்று பெயர் விழுந்துவிட்டது. அபூர்வம் வந்தாச்சா, அபூர்வம் டீ குடிச்சாச்சா என்றுதான் பேச்சு. அந்தக் கிருமிக்குத் தன் பெயரைச் சூட்டாமல் மனுஷன் ஓய்வுபெறப் போவதில்லை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மெல்லிய கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டைத் தொங்கவிட்டு, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார் என்றால் டீ ஆறி ஏடு படிந்துவிடும். கூட்டமாவது, கையெழுத்தாவது. ஒருமுறை என்ன நினைத்தாரோ, புது டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். குச்சி குச்சியாகக் கிருமிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"செத்ததுகூட ஆடும், டாக்டர். தண்ணி ஆட்டிவிடும். ஆனா இருந்த இடத்துலயேதான் ஆடும். உயிர் உள்ளதுதான் ஒண்ணைத் தாண்டிக்கிட்டு ஒண்ணு ஓடும்."

முதல் வருடத்துப் பாடம். அவள் கொட்டாவியை மென்று விழுங்கினாள்.

"மூலையில ஒண்ணைப் பாத்தீங்களா? ஒரு நிமிஷம் உட்காராது," என்றார் அவர், சத்தமே வராமல்.

கிருமியின் முதுகில் இப்போதே தன் பெயரை எழுதிவிட்டார் போலிருக்கிறது என்று, வெளியே வந்து எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள்.

போன கோடையில் கிருமி வளர்க்கும் பெட்டி பழுதாகிச் சூடு தாறுமாறாக ஏறியபோது, அவர் பட்ட பாடு இருக்கிறதே! சொட்டில் இருந்ததெல்லாம் நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. பிரசவ வார்டு வாசலில் நிற்கிற அப்பன் மாதிரி எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவேயில்லை. சாயங்காலம் புதுச் சொட்டில் ஒன்றே ஒன்று நீந்திப் போனதாம். 'ஓடுது' என்று வெளியே வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஓசி டீ என்பதால் அன்று மட்டும் யாரும் கிண்டல் பண்ணவில்லை.

புது டாக்டருக்குப் பொறுக்கவில்லை. போன வாரம் அவர் இல்லாத நேரம் பார்த்து அந்தக் குழாயிலிருந்து ஒரு துளி எடுத்துச் சோதித்துவிட்டாள். முடிவு வந்த அன்று டீ நேரத்தில் ஆய்வகமே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

இப்போது அதை அவரிடமே சொல்ல வேண்டிய வேளை வந்துவிட்டது. கதவைச் சாத்தினாள். திருட்டுத்தனமாகச் சோதித்ததை முதலில் ஒப்புக்கொண்டாள். பிறகு, முடிந்தவரை மரியாதையாகத்தான் சொன்னாள்.

"இது அபூர்வம் இல்ல சார். எல்லார் வயித்துலயும் கிடக்கிறதுதான், நோய்கூட வராது. உங்க வயித்துல இருக்கு, என் வயித்துல இருக்கு, வாசல்ல நிக்கிற வாட்ச்மேன் வயித்துல கோடிக்கணக்குல இருக்கு."

தலைவர் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தார்.

"தெரியும்," என்றார். தொண்டையைச் செருமவில்லை.

அவர் குதிப்பார், மேலிடத்துக்கு எழுதுவேன் என்பார் என்று எதிர்பார்த்து அவள் பதில்களை அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றுகூட உதவவில்லை.

"தெரிஞ்சுமா சார் இவ்வளவு நாளா எங்ககிட்ட..."

"சாதாரணம்னு சொல்லியிருந்தா என்னைக்கோ தூக்கிப் போட்டிருப்பீங்க."

அவர் பிடி இறுகியது. குழாய் உடைந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாகப் போய்விட்டது. குரலைத் தணித்துக்கொண்டு, தணிக்கை முடிந்த கையோடு இதே கிருமியை யாரிடமிருந்தாவது எடுத்துப் புதிதாக வளர்த்துத் தருவதாகவும், பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது என்றும் சமாதானம் சொன்னாள். வாளியை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

அவர் வாளியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"காய்ச்சல்ல கிடந்தப்ப சோதனைக்கு எடுத்ததும்மா. என் பொண்ணு வயித்துல இருந்தது," என்றார். "அவகிட்ட இருந்ததுல, இன்னும் உயிரோட இருக்கிறது இது ஒண்ணுதான்."