பன்னிரண்டாயிரம் வார்த்தை

மகள் ஜெனிபாவின் சட்டையில் மாட்டியிருந்த, காதில் விழும் பேச்சைப் பதிந்து எண்ணும் சொல்மானியைக் கழற்றி டீக்கடையில் தொங்கவிட்டது என் மூளையில் உதித்த யோசனைதான். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை தினமும் பன்னிரண்டாயிரம் வார்த்தை கேட்டாக வேண்டும் என்பது சட்டம். குறைந்தால் அரசு விடுதிக்குக் கொண்டுபோய்விடுவார்கள். டீக்கடையில் இரண்டு மணி நேரத்தில் கணக்கு நிரம்பியது. அதில் பாதி கெட்ட வார்த்தை என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலமே அதிகாரி வந்துவிட்டார்.

"மூணு வயசுக் குழந்தை கேக்கற பேச்சா இது?"

"அதுல என் பங்கு கொஞ்சம்தான் மேடம்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"அம்மா பேசலாமே?"

என் மனைவி சகாயமேரி வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. ஜெனிபா பழகியவள்போல் தண்ணீர்ச் செம்பை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

அடுக்குமாடியில் ஐந்து வீட்டுக் குழந்தைகளிடம் பேசுவதுதான் சகாயமேரிக்கு வேலை. திரும்பி வரும்போது தொண்டையில் எதுவும் மிச்சம் இருக்காது. மூட்டை தூக்கிவிட்டு வந்து படுத்தால் எனக்குக் குறட்டைதான். அதை வார்த்தையாக எண்ண மாட்டார்களாம், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

"எங்க புள்ளைய கூட்டினு போயிடுவீங்களா மேடம்?"

"விதிப்படி பார்ப்போம்."

"உங்க வீட்டுல உங்க புள்ளைகிட்ட நீங்க எவ்ளோ பேசுவீங்க?"

அவர் சொல்மானியைப் பைக்குள் வைத்தார். செம்பைப் பிடித்திருந்த ஜெனிபாவைப் பார்த்தார்.

"நானூறு வார்த்தை இருக்கும். மிச்சத்தைப் பேச ஆள் வெச்சிருக்கேன். உங்களால அது முடியாது. அதனால திங்கக்கிழமை கூட்டிட்டுப் போவோம்."