பட்டியலில் இல்லாத பெயர்

திருச்சி ஆய்வுக்கூடத்தில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டுரை வெளியாகிவிட்டது. மூச்சுக்குழாயின் நுண்மயிர்களை அசைக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தையும், அது பிசகினால் பரம்பரையாக வரும் நோயையும் பற்றிய கட்டுரை.

ஜெஸிமா லட்டைத் தொடவில்லை. ஆசிரியர் பட்டியலில் முதல் பெயரே நிவேதா! ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் இந்தப் பெண் சேர்ந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

“ஒன்பது பேரு போட்டிருக்கீங்க. எம்பேரு எங்க சார்? ஆறு வருஷமா பாலக்கரையிலேர்ந்து கூப்பிட்டப்பல்லாம் வந்து நிக்கலையா?”

பேராசிரியர் சித்தார்த்தன் நெளிந்தார். “நீங்க இல்லாம இந்தக் கட்டுரையே இல்லம்மா. ஆனா உங்க பேரைப் போடக்கூடாதுன்னு விதி.”

“அந்த விதி இவளுக்குக் கிடையாதா?”

நிவேதா அருகில் வந்து மூன்றாம் பக்கத்தைப் புரட்டினாள். “அக்கா, இங்க இருக்கீங்க பாருங்க. இந்த வரி இல்லேன்னா எங்க ஒன்பது பேருக்கும் பேரே கிடையாது.”

ஜெஸிமா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

‘நோயாளி 4: பெண், வயது 36. இந்நோயால் இதயம் வலப்பக்கம்.’

அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது. வலப்பக்கம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“நாலாவதா?” என்றாள். “எனக்கு முன்னாடி இருக்கிற அந்த மூணு பேரு யாரு சார்?”